பெரியம்மாவின் தடம்

"பெரியம்மா உசுரோட இருக்குதுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க டீச்சர்."

வெள்ளியங்கிரி கேட்டார்.

ஜெபசீலி டீச்சர் பள்ளிக்கூடச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சீமாறை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வாசல் மணலை நிரவிட்டு வீட்டுக்குப் போங்கண்ணே. காலையில பேசலாம்."

"நான் கேட்டது யானையைப் பத்திங்க."

"நான் சொன்னது மணலைப் பத்தி."

வெள்ளியங்கிரி குனிந்து நிரவினார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பஸ் நிறைய ஜனத்தை அதட்டி உட்காரவைத்த மனுஷர். அவர் ஒரு சீமாறை வாங்கிக்கொண்டு வாய் பேசாமல் பெருக்கினார் என்றால், அந்த யானையின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

*

நீலமுடி எஸ்டேட்டில் ராத்திரி தங்கி, விடிந்ததும் பொள்ளாச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் வெள்ளியங்கிரி கண்டக்டராக இருந்தவர்.

அந்த பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. ஈரக் கம்பளி வாசம். பின் சீட்டில் கருவாட்டுக் கூடை. ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் மேலாக அவருடைய விசில்.

வழியில் தேன்பாறை வளைவு. அங்கேதான் அந்த யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கும்.

வெள்ளியங்கிரி நீளமாக ஒரு விசில் கொடுப்பார். டிரைவர் நஞ்சப்பன் இன்ஜினை அணைப்பார். பெரியவை, சின்னவை, குட்டி எல்லாம் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறிவிடும். கடைசியில் ஒரு கிழட்டுப் பெண் யானை வரும். இடது பின்னங்கால் விளங்காது. அதை இழுத்துக்கொண்டே வரும். ரோட்டோரப் புழுதியில் சீமாறு இழுத்தாற்போல ஒரு கோடு விழும்.

அதுதான் பெரியம்மா. பெயர் வைத்தவர் வெள்ளியங்கிரி.

பெரியம்மா மேட்டில் ஏறும் வரை மேலே இருக்கிற ஒன்றுகூட நகராது. எல்லாம் திரும்பி நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஆஸ்பத்திரிக்கு நேரமாகுதுப்பா" என்று பஸ்ஸுக்குள் ஒரு குரல் எழும். நஞ்சப்பன் சாவியில் கை வைப்பார்.

"இருங்கண்ணா" என்பார் வெள்ளியங்கிரி. "வரட்டும்."

அப்புறம் புது ரோடு போட்டார்கள். பஸ் அந்தப் பக்கம் போனது. தேன்பாறை வளைவை உண்ணிச்செடி மூடியது. நஞ்சப்பன் ஊரோடு போய்விட்டார். வெள்ளியங்கிரியும் ஓய்வு பெற்றார். அவர் மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். இவர் எஸ்டேட் கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். சட்டைப் பையில் விசில் மட்டும் அப்படியே இருந்தது.

திருப்பூரிலிருந்து மகன் போன் செய்துகொண்டே இருந்தான்.

"அங்க என்னப்பா இருக்குது? மழைக்கு முன்னாடி வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"வர்றேன் சாமி. பெரியம்மா சங்கதி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்."

"எந்தப் பெரியம்மா? நமக்கு அங்க யாரு?"

வெள்ளியங்கிரி போனை வைத்துவிட்டார். இதையெல்லாம் போனில் விளக்க முடியுமா?

*

ஜெபசீலி டீச்சருக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து, கீழே போய்ப் படித்து, திரும்பி வந்து அதே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர் அவர்தான்.

தொழிலாளர்களின் கீழ் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகள் தேயிலைக் காட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி வர வேண்டும். ராத்திரி அந்தப் பாதையில் யார் யார் நடந்தார்கள் என்று டீச்சர் தினமும் காலையில் போய்ப் பார்ப்பார். பாதை சரியாக இருந்தால் வந்து, வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் கம்பியால் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தாய்மார்கள் பிள்ளைகளின் கையை விடுவார்கள்.

"தடம் பார்க்க யாருகிட்டங்க கத்துக்கிட்டீங்க?" என்று வெள்ளியங்கிரி ஒருமுறை கேட்டார்.

"பயத்துக்கிட்ட" என்றார் டீச்சர்.

இவரும் அந்த பஸ்ஸில் போன பிள்ளைதான். ஆத்துமேடு ஸ்டாப். எந்நாளும் தாமதம். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாகத் தேயிலைச் சரிவில் ஓடி வருவாள் சிறுமி ஜெபசீலி. வெள்ளியங்கிரி படியில் நின்றுகொண்டு, "உனக்காகத் தனி பஸ் விடச் சொல்லட்டுமா?" என்று கத்துவார். கத்துவாரே தவிர விசில் கொடுக்க மாட்டார். அவள் ஏறிய பிறகுதான் கொடுப்பார்.

இப்போது வெள்ளியங்கிரி கத்துவதற்கு வழியில்லை. சீமாறு அவர் கையில்.

*

மறுநாள் காலை.

"மணல்ல யாரு வந்திருக்காங்க?"

"நாய்ங்க."

"எப்படித் தெரியும்?"

"நாய் மாதிரி இருக்குது."

"நகம் குத்தியிருக்கு, அதனால நாய். எங்கிருந்து வந்துச்சு? எங்க போச்சு?"

"அது எதுக்குங்க?"

"ஏறுன எடமும் எறங்குற எடமும் கேக்காம டிக்கெட் குடுப்பீங்களாண்ணே?"

வெள்ளியங்கிரி சிரித்துவிட்டார். பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து, நாய் ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் தேட ஆரம்பித்தார்.

*

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தடத்தின் மேல் நடக்க மாட்டார். பக்கத்தில்தான் நடப்பார். பார்த்து முடித்த தடத்தின் மேல் ஓர் இலையைக் கவிழ்த்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைப்பார்.

"பாத்தாச்சே, இன்னும் எதுக்குங்க எலை?"

"நம்ம பாத்தாச்சு. பின்னாடி வர்றவங்க பாக்க வேண்டாமா?"

"பின்னாடி யாருங்க வரப் போறாங்க?"

"யாராச்சும்."

வெள்ளியங்கிரியும் இலை வைக்கப் பழகினார். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

*

ஒருநாள் அவர் துள்ளிக் குதித்தார்.

"டீச்சர்! இழுத்த தடம்! இங்க பாருங்க, கோடு!"

டீச்சர் வந்து பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் பாதங்கள். நடுவில் மெல்லிய கீறல்கள்.

"பெரியம்மா ரொம்ப எளைச்சுட்டாங்க போல" என்றார்.

அது முள்ளம்பன்றி. வாலில் இருக்கிற முட்கள் தரையில் உரசிக்கொண்டே போயிருந்தன.

வெள்ளியங்கிரி அன்று பூராவும் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

*

பாதையில் யானைச் சாணம் கிடந்தது. இங்கே ஓர் உருண்டை, நாலு எட்டு தள்ளி ஓர் உருண்டை, அதற்கும் அப்பால் இரண்டு.

"கையை விடுங்கண்ணே."

"ஐயய்யோ."

டீச்சரே ஓர் உருண்டையைப் பிளந்து நடுவில் விரலை வைத்தார். "ஆறிப்போச்சு. போய் வெகு நேரம் ஆச்சு. சூடா இருந்தா நம்ம இங்க நிக்கக் கூடாது. சரி, ஏன் இப்படிச் சிதறிக் கெடக்குது?"

வெள்ளியங்கிரி யோசித்தார்.

"நடந்துக்கிட்டே போட்டிருக்குது."

"ஒரே எடத்துல குவிஞ்சிருந்தா?"

"நின்னு போட்டிருக்குது. அப்படின்னா அது ஸ்டாப்பிங்குங்க!"

டீச்சர் அன்றுதான் அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். வெள்ளியங்கிரிக்குப் பெரிய சந்தோஷம். அடுத்துக் கிடந்த உருண்டையில் தானாகவே விரலை விட்டார்.

*

கடமான் குளம்பு தெரிந்தது. காட்டுப்பன்றி கிளறிய மண் தெரிந்தது. காப்பிக்கொட்டையோடு பாறைமேல் கிடந்தது மரநாயின் எச்சம் என்று தெரிந்தது. கரடி புற்றைப் பிளந்த விதம் தெரிந்தது. நகம் பதியாத வட்டத் தடம் சிறுத்தையுடையது என்று தெரிந்தது.

ஒவ்வொரு நாளும் கடைசியில் அவர் கேட்பார்.

"பெரியம்மா?"

"இன்னைக்கு வந்தவங்களைப் பாருங்கண்ணே."

ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வந்தவங்க, வந்தவங்க! வராதவங்களை எப்பத்தான் சொல்லித் தருவீங்க?"

டீச்சர் ஓர் இலையைக் கவிழ்த்து, கல்லை வைத்தார்.

"வந்தவங்களை முழுசாப் பாத்த பெறகு."

*

அன்று பனி கொஞ்சம் அதிகம். டீச்சருக்கு முன்பே வெள்ளியங்கிரி பாதைக்குப் போய்விட்டார்.

பாதை ஓரத்தில் ஒரு யானைப் பாதம். வட்டமாக, பெரிதாக. அதன் பக்கத்தில் தொடங்கித் தேயிலைச் செடிகளுக்குள் போகிற ஒரு கோடு. புழுதியில், அகலமாக, சீமாறு இழுத்தாற்போல.

இது முள்ளம்பன்றி இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துட்டயா" என்றார், வெறும் பாதையைப் பார்த்து. பிறகு அந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். டீச்சரைக் காணோம். கிணற்றடியில் இருப்பார். இந்தச் சந்தோஷத்தை அடக்கி வைக்க அவரால் முடியவில்லை. ராத்திரியே வந்து போய்விட்டாள், பாதை காலி, இனி என்ன? எல்லாப் பிள்ளைகளும் வந்து பார்க்கட்டும். கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் ஓங்கி அடித்தார்.

சத்தம் வரவில்லை.

டீச்சர் ஈரக் கையோடு ஓடி வந்து தண்டவாளத் துண்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். அடி அவர் விரல்களில் விழுந்திருந்தது.

"அம்மா" என்று மட்டும் சொன்னார். கையை விடவில்லை. தண்டவாளம் ஆடி நின்ற பிறகுதான் விட்டார்.

"பெரியம்மா வந்திருக்குதுங்க டீச்சர்" என்றார் வெள்ளியங்கிரி.

"வாங்க. காட்டுங்க."

*

டீச்சர் யானைப் பாதத்தின் முன் உட்கார்ந்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

வெள்ளியங்கிரி குனிந்தார். பாதத்தின் நடுவே புனல் மாதிரி ஒரு சின்னக் குழி.

"குழியானைப் பூச்சி."

"இப்ப எடுத்த காலுக்கு அடியில குழியானை வீடு கட்டுமா?"

அது பழைய தடம்.

"சரி. இழுத்திருக்கிற கோடு. அதுக்கு முன்னாடி யாரு கால்?"

அப்போதுதான் அவர் பார்த்தார். கோட்டின் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக, நகம் பதியாத தடங்கள். ஒரு செடியின் அடியில் வெள்ளாட்டு மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. புழுதியில் ஒரு சொட்டு ரத்தம் இன்னும் காயாமல் இருந்தது.

சிறுத்தை. ஆட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பாதைக்குப் பக்கத்திலேயே, அந்தத் தேயிலைக்குள் எங்கோ, அதைத் தின்றுகொண்டும் இருக்கலாம். அந்தப் பாதையில்தான் பிள்ளைகள் வருவார்கள்.

இரண்டு பேரும் முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து வந்தார்கள். மேட்டுக்கு வந்ததும் டீச்சர் கீழ் லைனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லை! பிள்ளைங்களை உள்ள வைங்க!"

வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வெள்ளியங்கிரி டீச்சரின் கையைப் பார்த்தார். விரல்கள் வீங்கி நீலம் பூத்திருந்தன.

"ஏனுங்க டீச்சர், எனக்கு இதெல்லாம் தெரியும். சிறுத்தை கால் தெரியும். குழியானை தெரியும். எப்படி என் கண்ணுக்குப் படலை?"

டீச்சர் விரல்களைத் தண்ணீரில் நனைத்தார்.

"ஆளு ஏறுறதுக்கு முன்னாடியே டிக்கெட் கிழிச்சுட்டீங்கண்ணே."

*

மறுநாள் வெள்ளியங்கிரி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கடைவீதியில் யாரோ கேட்டதற்கு, "நமக்கு அதெல்லாம் ஒத்து வராதுங்க" என்று சொன்னதாகக் கேள்வி.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தார். வாசலில் யாரும் இல்லை. சுவரில் பள்ளிக்கூடத்துச் சீமாறு சாய்ந்து நின்றது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். இருட்டுவதற்குள் மணலை நிரவி முடித்தார்.

அதற்குப் பிறகு பெரியம்மாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

வந்தவர்களைப் பார்த்தார். மரநாயைப் பார்த்தார், கடமானைப் பார்த்தார், எறும்பு போன வரிசையைக்கூடப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் இலை வைத்தார். முன்பெல்லாம் இவை பெரியம்மா இல்லை என்பதுதான் அவர் கண்ணில் படும். இப்போது இவை இவையாகவே பட்டன. யானைக் கூட்டம் வந்து போன நாட்களில் ஒவ்வொரு பாதமாக உட்கார்ந்து பார்த்தார். உள்ளங்கால் வெடிப்பு ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இல்லை. முன்னால் போகிறது எது, குட்டியை நடுவில் விட்டுக் கூட்டிப் போகிறவை எவை, ஓரமாக நின்று குறும்பு செய்கிறது எது என்று அவரே சொல்லத் தொடங்கினார். பழைய பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்காருவார் என்று அவருக்குத் தெரிந்திருந்ததே, அது போல.

மகன் போன் செய்தான்.

"ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன்ப்பா. மழை புடிச்சுக்கும். இனிமே சாக்குச் சொல்லாதீங்க."

"வா சாமி" என்றார் வெள்ளியங்கிரி.

*

சனிக்கிழமை ராத்திரி பருவத்தின் முதல் மழை பெய்தது.

விடிந்ததும் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தார். டீச்சர் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கூட்டம் வந்திருக்குண்ணே. மழை விட்ட பெறகு போயிருக்கு. மண்ணு ஈரமா இருக்கு, நல்லாப் பதிஞ்சிருக்கும்."

"எந்தப் பக்கம் போயிருக்குதுங்க?"

"பழைய ரோட்டுப் பக்கம்."

இருவரும் தடத்தின் பக்கத்தில் நடந்தார்கள். இன்று வெள்ளியங்கிரி முன்னால், டீச்சர் பின்னால். உண்ணிச்செடியை யானைகளே மிதித்து வழி செய்திருந்தன. ஈர மண்ணில் நகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"இது பெரியவ. முன்னாடி போறவ. இந்தா, வலது முன்னங்கால் வெடிப்பு. குட்டி இங்க. அதோட ஆத்தா இங்க. இந்தக் குறும்புக்காரன் பாருங்க, நேரா நடக்க மாட்டான், வரப்புல ஏறி ஏறி எறங்கியிருக்கான்..."

சொல்லிக்கொண்டே வந்தார். வர வரக் குரல் குறைந்தது.

தேன்பாறை வளைவு வந்தது. தார் பிளந்து புல் முளைத்திருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் வேலமரக் கன்று ஒன்று இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ரோட்டோரத்துச் சேற்றில் எல்லாக் கால்களும் பதிந்திருந்தன. ஒரு கால்கூடத் தப்பவில்லை.

கோடு மட்டும் இல்லை.

வெள்ளியங்கிரி மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"பெரியம்மா இல்லீங்க டீச்சர்."

"ஆமாண்ணே."

"உங்களுக்கு முன்னமே தெரியுங்களா?"

"இழுத்த தடத்தைப் பாத்து எனக்கும் ரெண்டு மழை போயிடுச்சு. ஆனா அவங்க விழுந்த எடத்தை நான் பாக்கலை. பாக்காததை எப்படிச் சொல்லுவேன்?"

"அந்த ரெண்டு மழை சங்கதியையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருந்தா?"

"கீழ போயிருப்பேன்."

"யாரையும் பாக்காம போயிருப்பீங்க."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். டீச்சர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

வெகு நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்தார். "போலாமுங்க. பையன் வந்திருப்பான்."

டீச்சர் நகரவில்லை. எதிர்மேட்டை நோக்கித் தலையை அசைத்தார்.

"மேல இன்னும் நீங்க பாக்கலை. பாத்துட்டு வாங்க."

*

வெள்ளியங்கிரி மேட்டில் ஏறினார்.

சாணம் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. சிதறிக் கிடக்கவில்லை. இங்கே ஒரு குவியல், அங்கே ஒரு குவியல், குட்டியுடையது சின்னதாக ஒரு குவியல்.

"ஸ்டாப்பிங்குங்க" என்று மேலிருந்து சொன்னார். "எல்லாமே நின்னிருக்குது. கொஞ்ச நேரமில்லை, வெகு நேரம் நின்னிருக்குது. மண்ணு மசிஞ்சு கெடக்குது."

"மேயறதுக்கு நின்னுச்சா?"

"புல்லு அப்படியே இருக்குதுங்க. ஒரு கிளைகூட ஒடியலை."

"தண்ணி?"

"இங்க ஏதுங்க தண்ணி?"

"குட்டிக்கு ஏற முடியலையோ?"

"குட்டி முன்னாடியே ஏறிட்டுதுங்க. இந்தா, ஆத்தா காலுக்கு நடுவுல நிக்குது."

"கால் எல்லாம் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

வெள்ளியங்கிரி குனிந்தார். பெரியவளின் நகங்களைப் பார்த்தார். குட்டியின் ஆத்தாவுடையதைப் பார்த்தார். குறும்புக்காரனுடையதையும் பார்த்தார். போக வேண்டிய காட்டுப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பியிருக்கவில்லை.

"கீழ" என்றார். "ரோட்டைப் பாத்து."

டீச்சர் மேட்டில் ஏறி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"வரப் போறவங்கதான் யாருமில்லைங்களே டீச்சர். அதுங்களுக்குத் தெரியாதுங்களா? எதுக்குங்க நிக்கோணும்?"

டீச்சர் அவரிடமே கேட்டார்.

"நான் படிக்கறதுக்குக் கீழ ஹாஸ்டலுக்குப் போன பெறகு, ஆத்துமேட்டுல எதுக்குண்ணே பஸ்ஸை நிறுத்துனீங்க?"

வெள்ளியங்கிரி திரும்பினார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"அம்மா. கொழுந்து எடுத்துக்கிட்டே பாப்பாங்களாம். பஸ்ஸு வந்து நிக்குமாம். யாரும் ஏறலை. யாரும் எறங்கலை. நீங்க படியில நின்னு சரிவைப் பாத்துக்கிட்டிருப்பீங்களாம். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் விசில் கேக்குமாம்."

வெள்ளியங்கிரி குனிந்து, குட்டியின் தடத்தின் மேல் ஓர் இலையைக் கவிழ்த்து, கல்லை வைத்தார்.

"எனக்காக யாரோ நிக்கறாங்கன்னு அம்மா ஹாஸ்டலுக்கு வந்தப்ப சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரிதான் அங்க நான் அழாம தூங்குனது."

கீழே புது ரோட்டுப் பக்கமிருந்து கார் ஹாரன் கேட்டது. மகன் வந்துவிட்டான். கொஞ்சம் விட்டு மறுபடியும் கேட்டது.

"நேரமாச்சுண்ணே" என்றார் டீச்சர். "விசில் குடுங்க. போலாம்."

வெள்ளியங்கிரி சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். உதட்டில் வைத்தார். குவியல்களுக்கு நடுவே, பெரியவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, கீழே வெறுமையாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தார்.

விசிலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"இருங்க டீச்சர்" என்றார். "வரட்டும்."